நேரமும் தேர்ச்சியும்

இணையவழிப் பாடத்தின் ஒவ்வொரு திரையிலும் கற்பவரைக் குறிப்பிட்ட நேரம்வரை நிறுத்திவைக்க முடியும். அந்நேரம் முடியும்வரை அடுத்த திரைக்குச் செல்லும் பொத்தான் இயங்காது. படிக்காமல் கடந்துபோவதைத் தடுப்பதே இதன் நோக்கம். ஆனால், செலவிட்ட நேரம் கற்றதற்குச் சான்றாகுமா?

இலங்கையின் புத்தளம், கற்பிட்டிக் கரையோர முஸ்லிம்களும் பேணும் ஹிப்ழ் எனும் குர்ஆன் மனன மரபு வேறு அளவுகோலை முன்வைக்கிறது. 30 ஜுஸ்உகள் (பாகங்கள்) கொண்ட குர்ஆனை மனனமிடும் மாணவர், அன்றைய பாடத்தை உஸ்தாதிடம் (ஆசிரியரிடம்) பிழையின்றி ஒப்புவித்த பின்பே அடுத்ததைத் தொடங்குகிறார்; பழைய பாடங்களையும் மீட்டி ஓதுகிறார். ஒரே பக்கம் ஒருவருக்கு ஒரு நாளும் இன்னொருவருக்குப் பல நாட்களும் எடுக்கலாம்.

இஸ்லாமிய அறநெறியில் செயலின் மதிப்பு நிய்யத்தை, அதாவது உள்ளத்தின் எண்ணத்தைப் பொறுத்தது. கடிகாரம் ஒருவரைத் திரைமுன் இருத்தலாம்; அவரது கவனத்தை இருத்த முடியாது. ஆகவே கற்றதைச் சோதிக்கும் கேள்வியே அடுத்த திரைக்கு நீதியான வாயில். அது விரைந்து கற்பவரை வீணே நிறுத்தாது. மெதுவாகக் கற்பவரைத் துரத்தவும் செய்யாது.