உன் ஊரின் படத்தை நீ எடு!

தம்பி, தங்கையே, உன்னிடம் ஒரு கேள்வி. உன் ஊரான மாமல்லபுரத்தின் கடற்கரைக் கோயில் படத்தைக் காலண்டரில் பார்த்திருக்கிறாய். பாடப் புத்தகத்தில் பார்த்திருக்கிறாய். சுற்றுலா விளம்பரங்களில் பார்த்திருக்கிறாய். அவற்றில் எத்தனை படங்களை உன் பள்ளியில் படித்தவர்கள் எடுத்தார்கள்? ஐந்து ரதம் பக்கம் நாளெல்லாம் கல் கொத்துகிற மாமாவின் பட்டறைக்குப் பெயர்ப் பலகை வடிவமைத்தது யார்? கொக்கிலமேட்டில் விடியற்காலை படகு கரையேறும்போது வந்து நின்று படம் எடுத்துக்கொண்டு போனவர் எந்த ஊர்க்காரர்?

பதில் உனக்கே தெரியும். 1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஊரில் பிறந்தும், பிறந்த நாள் முதல் மற்றவர்களின் கேமராவுக்கு முன்னால்தான் நிற்கிறாய். நின்றது போதும். எழுந்து கேமராவுக்குப் பின்னால் வா!

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். புகைப்படக்கலையின் அடிப்படையும் வரைகலை வடிவமைப்பின் அடிப்படையும் பள்ளி வயதிலேயே கைவர வேண்டிய எழுத்தறிவு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு மனுவை வேறொருவர் எழுதித் தருவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. படம் எடுக்கவும் பக்கம் அமைக்கவும் தெரியாதவரின் வாழ்க்கையையும் வேறொருவர்தான் உலகுக்குக் காட்டுவார், தமக்குத் தோன்றியபடி காட்டுவார். உன் கதையை உன் கண்ணால் காட்டும் திறமையை நீ சம்பாதித்தே ஆக வேண்டும்.

பாறையே உன் பாடநூல்

"எனக்கு யார் சொல்லித் தருவார்கள்?" என்று கேட்காதே. 1,300 ஆண்டுகளாக உன் ஊரில் ஒரு வகுப்பறை திறந்தே கிடக்கிறது.

அர்ச்சுனன் தபசுக்கு முன்னால் போய் நில். சுமார் 27 மீட்டர் நீளம், 9 மீட்டர் உயரம். பாறையின் நடுவே இயற்கையாகவே ஒரு பிளவு. வேறொருவராக இருந்தால் "பாறையில் குறை இருக்கிறது" என்று சொல்லி வேறு பாறை தேடியிருப்பார். பல்லவர் காலத்துச் சிற்பி அந்தப் பிளவையே ஆறாக்கினார். அதில் நாகர்களை நீந்தவிட்டார். இரண்டு பக்கமும் தேவர், முனிவர், யானை, மான் என எல்லா உயிர்களையும் அந்த ஆற்றை நோக்கித் திருப்பினார். பார்ப்பவரின் கண் தானாக நடுவுக்குப் போகிறது. வெற்றிடத்தைப் பயன்படுத்துவது, பார்வையை ஒரு புள்ளிக்கு அழைத்துச் செல்வது என்று வடிவமைப்புக் கல்லூரிகளில் முதலாண்டில் சொல்லித் தருவது இதைத்தான். குறையைக் கருப்பொருளாக்கிய அந்தத் துணிச்சலையும் சேர்த்துக் கற்றுக்கொள்!

அங்கிருந்து மகிஷாசுரமர்த்தினி மண்டபத்துக்குப் போ. ஒரு சுவரில் சிங்கத்தின் மேல் துர்க்கை பாய்கிறாள், மகிஷன் பின்வாங்கிச் சாய்கிறான். அந்தச் சிற்பத்தின் கோடுகள் எல்லாம் சாய்கோடுகள். எதிர்ச் சுவரில் அனந்தன்மேல் திருமால் பள்ளிகொண்டிருக்கிறார். அங்கே படுக்கைக் கோடு ஆட்சி செய்கிறது. சாய்ந்த கோடு வேகத்தைச் சொல்லும், படுத்த கோடு அமைதியைச் சொல்லும். இதை ஒருமுறை கண்ணால் கண்டுவிட்டால், கபடிப் போட்டிக்கான போஸ்டரில் எழுத்தை எப்படிச் சாய்ப்பது, நூலக விழாவுக்கான அழைப்பிதழில் எழுத்தை எப்படி அமர்த்துவது என்று உனக்குத் தானாக விளங்கும்.

பட்டறையில் உளி பிடிக்கும் பெரியவரிடம் தாலம் என்றால் என்னவென்று கேட்டுப் பார். உருவத்தின் முக நீளத்தை ஓர் அளவாகக் கொண்டு மொத்த உடலையும் பங்கு பிரிக்கும் கணக்கு அது. ஒரு தாலத்துக்கு 12 அங்குலம், நவதாலத்தில் 9 தாலம், ஆக 108 அங்குலம். இது கடையில் விற்கும் ஸ்கேலின் அங்குலம் இல்லை. சிலைக்குச் சிலை மாறும் சொந்த அளவு. அதனால்தான் கையளவு விக்கிரகமும் ஆளுயரச் சிலையும் ஒரே அழகோடு நிற்கின்றன. இன்று கணினியில் பக்கம் அமைப்பவர்கள் 'கிரிட்' போட்டுக்கொண்டு செய்வதும் இதே வேலைதான். 2017இல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பத்தின் அடித்தளம் இந்த ஒழுங்கில் இருக்கிறது. உன் தெருவிலேயே வடிவமைப்புப் பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நீ கடந்து போய்க்கொண்டிருக்கிறாய்!

கணக்கு நோட்டுக்குள் ஒரு கேமரா

"இதெல்லாம் படிப்பைக் கெடுக்கும்" என்கிறார்களா? இதோ பதில்.

கேமராவில் ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிக்கும் எண்களை வரிசையாகப் படித்துப் பார்: 2, 2.8, 4, 5.6, 8, 11. ஏன் இந்த விசித்திரமான எண்கள்? ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் ஏறத்தாழ √2 மடங்கு. எண் இப்படி ஒரு படி கூடும்போது துளையின் விட்டம் √2இல் ஒரு பங்காகக் குறையும், அதனால் வட்டத்தின் பரப்பு சரிபாதியாகும், உள்ளே வரும் ஒளியும் பாதியாகும். இப்போது உன் ஏ4 தாளை எடு. 210க்கு 297 மில்லிமீட்டர். வகுத்துப் பார், அங்கேயும் √2! அதனால்தான் அந்தத் தாளைப் பாதியாக மடித்தாலும் அதே வடிவம் கிடைக்கிறது. ஏ3இல் வடிவமைத்த போஸ்டரை அப்படியே ஏ4இல் அச்சடிக்க முடிகிறது.

கரும்பலகையில் பார்த்து "இது எதற்கு உதவும்?" என்று நீ முணுமுணுத்த அந்த √2, கேமராவுக்குள்ளும் அச்சகத்துக்குள்ளும் வேலை செய்துகொண்டிருக்கிறது. பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தின் குவிலென்ஸ்தான் உன் செல்போன் கேமராவின் அடிப்படை. பிளஸ் டூ கணினிப் பயன்பாடுகள் நூலில் பல்லூடகமும் பேஜ்மேக்கரும் பாடங்களாகவே இருக்கின்றன. மதிப்பெண்ணுக்காக மட்டும் அவற்றை மனப்பாடம் செய்தவர் தேர்வோடு மறந்துவிடுவார். ஒரே ஒரு சுவரொட்டியைத் தானே செய்து பார்த்தவர் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

இது புதுமோகமும் இல்லை. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளிதான் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. கேமரா இந்தியாவுக்கு வந்த புதிதிலேயே அங்கே புகைப்படக்கலை நுழைந்துவிட்டது. 1858இல் லினியஸ் டிரைப் என்ற புகைப்படக் கலைஞர் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஒட்டினார். அவரோடு வேலை செய்தவர், ஹண்டரின் பள்ளியோடு தொடர்புடைய ஐயாசாமி என்ற தமிழர். நம்மவர் கை கேமராவைத் தொட்டு 160 ஆண்டுகளுக்கு மேலாகிறது. தயங்குவதற்கு உனக்கு என்ன காரணம் இருக்கிறது?

மீன் கூடையிலிருந்து எழுந்த கண்

மதுரை ஜவஹர்லால்புரத்தில் மீன் விற்ற தாயின் மகன் எம். பழனி குமார். கையால் மலம் அள்ளும் கொடுமையைச் சொன்ன 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். கடலுக்கடியில் பாசி எடுக்கும் பெண்களையும், துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களின் துயரத்தையும் படமாக்கியவர். 'பாரி' என்ற ஊரக ஆவணக் காப்பகத்தின் புகைப்படக் கலைஞராகி, 2022இல் தயானிதா சிங் – பாரி ஆவணப் புகைப்பட விருதை முதன்முதலாகப் பெற்றார். அவர் தம் தாயின் உழைப்பையே படமாக எடுத்து உலகத்தின் முன் வைத்தார். உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப் போய்க் கேமராவைக் கையில் கொடுத்துப் பழக்குகிறார். வறுமையை மறைத்து வைக்காமல் தன் பார்வையின் பலமாக்கிக்கொண்டவர் அவர். உன் வீட்டு வலையும், உன் தாயின் கூடையும், உன் தந்தையின் கையில் படிந்த கல்தூசியும் உனக்கு வெட்கமா? வெளியூர்க் கலைஞர்கள் தேடி அலையும் பொக்கிஷம் அது. அந்தக் கல்தூசிக்குள்ளேயே வளர்ந்த நீதான் அதை உள்ளிருந்து காட்ட முடியும்.

ரூபாய்க்கு ₹ என்ற குறியை வடிவமைத்தவர் டி. உதயகுமார், தமிழர். கட்டடக்கலை படித்தது அண்ணா பல்கலைக்கழகத்தில். மும்பை ஐஐடியில் அவர் ஆராய்ந்த பொருள் தமிழ் எழுத்துருவியல். தாய்மொழி எழுத்தின் வளைவைக் கூர்ந்து பார்த்த அதே கண்ணின் படைப்பைத்தான் 2010 ஜூலை 15இல் மத்திய அரசு ஏற்றது. இலங்கையின் தாரிக் அஸீஸ் உருவாக்கிய 'கவிவனார்' என்ற தமிழ் எழுத்துருவை இன்று யார் வேண்டுமானாலும் காசின்றி இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலம் சரளமாக வந்தால்தான் வடிவமைப்பாளராகலாம் என்று எவராவது சொன்னால், இந்த இருவரின் பெயரையும் சொல்!

உன் ஊரிலேயே நடந்ததை நினைத்துப் பார். 2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாடுக்காக 180க்கும் மேற்பட்ட நாடுகளின் வீரர்கள் பூஞ்சேரியில் வந்து இறங்கினார்கள். அவர்களை வரவேற்றது 'தம்பி' என்ற போட்டிச் சின்னம். சதுரங்கக் குதிரையின் முகம், வேட்டி சட்டை, கூப்பிய கைகள். விளையாட்டையும் மண்ணையும் பண்பையும் ஒருசேரச் சொன்னது அந்த உருவம். நல்ல வடிவமைப்பு என்பது அலங்காரத்தைக் குவிப்பதில்லை. தேவையில்லாததை நீக்கி, சொல்ல வந்ததை மட்டும் நிற்கவைப்பது.

சாக்குகளை எரித்துவிடு

நல்ல கேமரா இல்லையா? வீட்டில் இருக்கும் பழைய செல்போன் போதும். லென்ஸைத் துணியால் துடை. திரையில் கட்டக் கோடுகளை வரவழைத்துக்கொள். ஒரு சங்கை வாசலில் வைத்து, விடிந்ததும் ஒரு படம், உச்சியில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம் எடு. பக்கவாட்டு ஒளியில் சங்கின் வரிகள் எழுந்து நிற்பதும், உச்சி வெயிலில் தட்டையாகி மறைவதும் தெரியும். அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறை. எந்த நேரத்தில் எந்த உருவம் உயிர்பெறுகிறது என்று கவனித்துக் குறித்து வை. சுற்றுலாப் பயணிக்கு அங்கே கால் மணி நேரம்தான். உனக்கு ஆண்டு முழுவதும் இருக்கிறது!

விலையுயர்ந்த மென்பொருள் இல்லையா? இங்க்ஸ்கேப், கிம்ப், கிரிட்டா மூன்றும் இலவசம். பள்ளியின் ஹைடெக் லேபில் அனுமதி கேள். இரண்டு எழுத்துருக்களுக்கு மேல் வேண்டாம், மூன்று அளவுகளுக்கு மேல் வேண்டாம், ஓரத்தில் தாராளமாக இடம் விடு. இந்தக் கட்டுப்பாட்டோடு உன் பக்கத்து வீட்டு இட்லிக் கடைக்கு ஒரு விலைப்பட்டியல் செய்து கொடு. திரைக்குச் சிவப்பு, பச்சை, நீலம். அச்சுக்கு நீலப்பச்சை, மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. இந்த வேறுபாட்டை அச்சகத்துக்கே போய் அச்சிடுபவரிடம் கேட்டுத் தெரிந்துகொள். முதல் படம் கோணலாக வரும். முதல் போஸ்டர் நெரிசலாக இருக்கும். வரட்டும்! ஐந்து ரதங்களே முற்றுப்பெறாத வேலைதான். அந்த முடியாத வேலையைப் பார்க்கத்தான் உலகம் வருகிறது. செய்யாதவனைவிட, அரைகுறையாகச் செய்தவன் ஆயிரம் மடங்கு மேல்.

ஒரு கண்டிப்பும் சொல்கிறேன். ஒருவரின் முகத்தைப் படமெடுக்கும் முன் அவரிடம் கேள். அவர் மறுத்தால் கேமராவைத் தாழ்த்து. இணையத்தில் கிடைத்த அடுத்தவர் படத்தை உன்னுடையது என்று ஒட்டாதே. கைத்திறன் எவ்வளவு வளர்ந்தாலும் இந்த நேர்மை இல்லாவிட்டால் உன் படத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆசிரியப் பெருமக்களே, ஓவிய வகுப்பைக் கணக்குக்குக் கடன் கொடுக்காதீர்கள்! வாரம் ஒரு மணி நேரம் பிள்ளைகளைச் சிற்பங்களின் முன் நிறுத்துங்கள். பள்ளி ஆண்டு மலரின் அட்டையை அவர்களே வடிவமைக்கட்டும். பெற்றோரே, "இது சோறு போடுமா?" என்று கேட்கிறீர்கள். சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. தரமணியில் எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. எந்தப் பிரிவில் பிளஸ் டூ படித்தவரும் 'யூசீட்' நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் வடிவமைப்புப் பட்டம் படிக்கலாம். 1957 முதல் உங்கள் ஊரிலேயே சிற்பக்கலைக் கல்லூரி நடக்கிறது. அதை வழிநடத்திய வை. கணபதி ஸ்தபதிதான் குமரி முனையின் 133 அடி வள்ளுவரை நிறுத்திக் காட்டினார். கலை சோறும் போடும், வானளாவத் தலைநிமிரவும் வைக்கும்.

கடைசியாக ஒன்று, தம்பி, தங்கையே. பூஞ்சேரியில் ஒரு பாறை இருக்கிறது. அதில் அரசன் பெயர் இல்லை, போர் வெற்றி இல்லை. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் எனக் கல்லில் உழைத்தவர்களின் பெயர்களே வெட்டப்பட்டிருக்கின்றன. மன்னர்களின் காலத்திலேயே "இதைச் செய்தவர்கள் நாங்கள்" என்று கல்லில் எழுதிவைத்த ஊரின் பிள்ளை நீ.

ஆகவே இந்த வாரமே ஒரு படம் எடு. ஒரே ஒரு போஸ்டர் செய். யார் சிரித்தாலும் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் துணிந்து ஒட்டு. அடியில் உன் முழுப் பெயரைத் தெளிவான தமிழில் எழுது. அடுத்த வாரம் அதைவிட மேலான ஒன்றைச் செய்து, அதன் அடியிலும் எழுது!