கேட்காதவரின் ஹக்கு

சூடானில் போர் மூண்டதற்கு அடுத்து வந்த ரமளானில், ஜகாத் பங்கீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது மஹல்லாப் பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஹஜ்ரத், இங்கே கல்லூரியில் படிக்கிற அந்த சூடான் பையனுக்கும் கொடுக்கலாம் என்கிறார்கள். அவன் வாப்பாவுக்கு கார்த்தூமில் சொந்த வீடு, கடை எல்லாம் உண்டாமே! ஜகாத் கூடுமா?"

கேள்வி நியாயமானதே. ஜகாத்தை உரியவரைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த வீடும் கடையும் இன்று அந்த மாணவருக்கு ஒரு வேளைச் சோறு தருமா?

2023 ஏப்ரல் 15 அன்று, ஹிஜ்ரி 1444 ரமளானின் கடைசிப் பத்தில், சூடான் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் கார்த்தூமிலேயே சண்டை மூண்டது. விமான நிலையம் அன்றே மூடப்பட்டது. வங்கிகள் அடைபட்டன, பல சூறையாடப்பட்டன. இலட்சக்கணக்கானோர் வீடு வாசலை விட்டு ஓடினர். வெளிநாட்டில் படிக்கும் மக்களுக்குப் பணம் அனுப்பி வந்த பெற்றோர் பலர் தாமே அகதிகளாயினர். 2021 ஆகஸ்ட் 15-இல் காபூல் வீழ்ந்தபோது ஆப்கான் மாணவர்களுக்கும் இதே கதிதான்.

இப்படிப்பட்டவரை மார்க்கம் மறக்கவில்லை. திருக்குர்ஆன் (9:60) கூறும் எட்டு வகையினரில் வழிப்போக்கரும் ஒருவர். ஊரில் செல்வமிருந்தும் அது கைக்கு எட்டாதவர் தம் தேவையளவு ஜகாத் பெறலாம் என்பது ஹனபி மத்ஹபின் சட்டம். தூரத்தில் சிக்கிக் கிடக்கும் பொருள் ஒருவரை ஏழை என்ற நிலையிலிருந்து நீக்கிவிடாது என்று ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் எழுதியுள்ளார்கள். ஆகவே கூடும். முஸ்லிமல்லாத மாணவர் இவ்வாறு சிக்கிக்கொண்டால் அவருக்கு ஸதகாவிலிருந்து உதவத் தடையில்லை.

சட்டம் இத்துடன் முடிந்தது. நம் பொறுப்பு முடியவில்லை.

ஹளரத் அபூஹுரைரா (ரலி) அவர்கள் யமன் நாட்டிலிருந்து வந்து மதீனாவில் கல்வி பயின்றவர்கள். ஒரு நாள் பசி தாளாமல் பாதையில் அமர்ந்திருந்தார்கள். அபூபக்கர் (ரலி) அவர்கள் வந்தபோது ஓர் ஆயத்தைப் பற்றிக் கேட்டார்கள். ஆயத்துக்காகக் கேட்கவில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்ல மாட்டார்களா என்றே கேட்டார்கள். அவர்கள் கடந்து சென்றார்கள். உமர் (ரலி) அவர்களும் அவ்வாறே சென்றார்கள். பின்னர் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள், பார்த்ததும் புன்னகைத்தார்கள், முகத்திலிருந்ததை அறிந்துகொண்டார்கள். வீட்டுக்கு அழைத்துப் போய், அன்பளிப்பாக வந்திருந்த ஒரு கிண்ணம் பாலைத் திண்ணைத் தோழர்கள் அனைவருக்கும் பருகக் கொடுத்து, இவரையும் வயிறாரக் குடிக்கச் செய்து, இறுதியில் தாம் அருந்தினார்கள். இது புகாரீயில் உள்ள ஹதீஸ்.

அந்த சூடான் மாணவர் அஸருக்குப் பின் பல நாள் என்னிடம் வந்து மஸ்அலா கேட்டிருக்கிறார். நான் விடையை மட்டும் சொல்லி அனுப்பினேன். இந்த ஹதீஸைப் பாடமாக ஓதியவன் நான்! பெரியவர் கேட்ட பிறகே அவர் முகம் என் நினைவுக்கு வந்தது.

கையேந்தாத தன்மையினால் செல்வந்தர் என எண்ணப்படுவோரைப் பற்றி அல்லாஹ் சொல்கிறான் (2:273). அவர்களை அவர்களின் அடையாளத்தால் அறிந்துகொள்வீர் என்கிறான். எனவே கேட்கட்டும் என்று காத்திராதீர்கள். மைக்கில் பெயர் சொல்லாதீர்கள். வாடகைக்கு விட்டிருப்பவர் தவணை கொடுங்கள். கல்லூரியில் கட்டணத்துக்கு அவகாசம் கேட்கத் துணைக்குப் போங்கள். ஸஹருக்கு அழையுங்கள். "வீட்டாரிடமிருந்து செய்தி வந்ததா?" என்று தனியே விசாரியுங்கள்.

நம் பிள்ளைகளும் கடல் கடந்து படிக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் படிக்கும் ஒருவரை அந்நாட்டில் அல்லாஹ் ஏற்படுத்துவானாக! நம்மையும் அத்தகையோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.