விரல் பயிற்சியும் வழிபாடா?

1720ஆம் ஆண்டு ஜனவரி 22. ஜெர்மனியின் கோத்தன் நகரில் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்தியன் பாக் தன் மூத்த மகன் ஃப்ரீடெமானுக்காக ஓர் இசை நோட்டைத் தொடங்கினார். பையனுக்கு வயது 9. அதில் ட்ரில் (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிப்பது), மார்டென்ட் போன்ற அலங்காரங்களின் குறிகளும், ஒவ்வொன்றையும் வாசிக்கும் முறையும் அட்டவணையாக உண்டு. எந்தக் கட்டைக்கு எந்த விரல் என்று எண் போட்ட ஒரு சிறு பயிற்சியும் உண்டு. அந்தப் பயிற்சியின் தலையில் மூன்று எழுத்துகள்: ‘இயேசுவின் நாமத்தில்’ என்பதன் லத்தீன் சுருக்கம்.

ஆராதனைப் பாடலுக்கு மேல் அப்படி எழுதினால் யாரும் வியக்கப்போவதில்லை. மூன்றாம் விரலும் நான்காம் விரலும் மாறி மாறி ஏறும் பயிற்சிக்கு எதற்கு?

கோத்தனில் இந்தக் கேள்விக்குக் கூர்மை அதிகம். பாக் பணியாற்றிய அரசவை கால்வினிய மரபைச் சேர்ந்தது. அதன் ஆராதனையில் விரிவான இசைக்கு இடமில்லை. இசையின் அழகு இறைவசனத்தை மறைத்துவிடும் என்பது அந்த மரபின் கவலை. அதில் நியாயம் இருக்கிறது. அலங்காரம் பல சமயம் வாசிப்பவரின் திறமையைத்தான் முதலில் காட்டும். பாக்கோ லூத்தரன் சபையைச் சேர்ந்தவர். குருவானவரின் பணி மட்டுமல்ல, அவரவர் தொழிலும் கடவுளின் அழைப்பே என்பது லூத்தரின் போதனை.

அக்காலக் கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டில் கட்டையை எவ்வளவு ஓங்கி அழுத்தினாலும் ஒலி பெரிதாகாது. தந்தியைச் சுண்டிய கணமே ஒலி தேயத் தொடங்கும். ஆகவே ட்ரில் வெறும் ஒப்பனை அல்ல. ஒரு சுரத்தை நீட்டி நிறுத்துவதும் அதற்கு அழுத்தம் தருவதும் அதுதான். ஆனால் பலத்தால் அது வராது. பாக்கின் இன்னொரு மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல் 1753இல் வெளியிட்ட நூலில், மெதுவாகத் தொடங்கி, வேகம் கூடினாலும் சமம் குலையாமல், விரலை உயரத் தூக்காமல் பழகச் சொல்கிறார். தசை இறுகினால் ட்ரில் பிசிறிவிடும். தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆசை முதலில் இறுக்கமாகத்தான் கைக்கு வருகிறது.

அதற்காக, திரும்பத் திரும்பச் செய்வதெல்லாம் ஜெபமாகிவிடாது. பாரிஸில் ஹார்ப்சிகார்ட் ஆசிரியர் ஃபிரான்சுவா கூப்ரான், தான் இல்லாத நேரத்தில் சிறுபிள்ளைகள் பழகாதபடி வாத்தியத்தின் சாவியையே எடுத்துச் சென்றுவிடுவதாக 1716இல் எழுதினார். முக்கால் மணி நேரம் பார்த்துப் பார்த்துப் பழக்கியதை அவர்கள் ஒரு நொடியில் கெடுத்துவிடுவார்களாம். கவனமில்லாத பயிற்சி தவறையும் அதே உறுதியோடு கைக்குள் ஏற்றிவிடும்.

1741இல் அச்சான, பாக்கின் கோல்ட்பர்க் மாறுபாடுகளில் 28ஆவது, ட்ரில்களாலேயே நெய்யப்பட்டது. ஒரே கை ட்ரில்லையும் ஓட்ட வேண்டும், வேறு சுரங்களையும் தொட வேண்டும். இத்தகைய இடங்களுக்குப் பலரும் கையாளும் வழி, ட்ரில்லை விட்டுவிட்டு மற்றச் சுரங்களை மட்டும் முதலில் வாசிப்பது. அவை நிலைத்த பிறகே ட்ரில்லை மெதுவாக, எண்ணிக்கையோடு சேர்க்கிறார்கள். எதைத் தாங்க வந்தோம் என்று விரலுக்குத் தெரிந்த பிறகுதான் அலங்காரம் உள்ளே வருகிறது. கால்வினியரின் கவலைக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், இந்தப் பயிற்சி முறையைத்தான் காட்ட வேண்டும்.