சுருட்டை முடி சோறு போடும்

"கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்" என்று சொல்லிக்கொண்டேதான் அம்மா என் தலையில் எண்ணெய் தேய்ப்பாள். தாராவியில் 90 அடி ரோட்டை ஒட்டிய சந்து. ஒற்றை அறை வீட்டின் வாசற்படியில் நான் உட்கார்ந்திருப்பேன். சீப்பு பாதியில் நின்றுவிடும். அதைக் கீழே வைத்துவிட்டு விரலாலேயே சிக்கெடுப்பாள். திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்தபோது அவள் கொண்டுவந்த சொத்துக்களில் அந்தப் பழமொழியும் ஒன்று.

அவள் வாக்கு பலித்துவிட்டது. மாட்டுங்காவில் ஒரு பார்லரில் 22 வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்குச் சோறு போடுவது சுருட்டை முடிதான். என்ன, அது அடுத்தவர் தலையில் இருக்கிறது. அதை நிமிர்த்திக் கொடுத்தால் எனக்குக் காசு.

போன கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தாராவியிலிருந்து 19 வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ரிசப்ஷன் வேலை கிடைத்திருக்கிறது. "வெள்ளிக்கிழமை சேரணும்க்கா. முடியை நீட்டா பண்ணிட்டு வரச் சொல்லிட்டாங்க." எண்ணெய் வைத்து, படிய வாரி, இறுக்கிப் பின்னித்தான் வந்திருந்தாள். அதைவிட நீட்டாக என்ன செய்ய? அவர்கள் அகராதியில் நீட் என்றால் நேர். அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு நாலு மணி நேரம் ஆகும். முடிக்குச் சுருளைக் கொடுப்பதில் உள்ளே இருக்கும் கந்தகப் பிணைப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. நாங்கள் பூசும் கிரீம் அவற்றை உடைக்கும். அழுகின முட்டை வாடை அடிக்கும், கண் எரியும். அலசி, காயவைத்து, இழை இழையாக அயர்ன் போட்டு இழுக்க வேண்டும். பிறகு இன்னொரு கிரீம் பூசி, நேராக்கிய நிலையிலேயே பிணைப்பைப் பூட்ட வேண்டும். 3 நாள் தண்ணீர் படக்கூடாது, காதுக்குப் பின்னால் ஒதுக்கக்கூடக் கூடாது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நடுவில் சொன்னாள்: "அங்க ஒரு அண்ணன் மாலை போட்டுட்டு, தாடியோட, செருப்பில்லாம வேலைக்கு வர்றாரு. யாரும் ஒண்ணும் சொல்லலக்கா. சாமி விஷயம்ல."

அயர்னைப் பிடித்த என் கை ஒரு நிமிஷம் நின்றது.

எனக்கு 9 வயதில் பழனியில் மொட்டை போட்டார்கள். மஞ்சள் காமாலை வந்து பிழைத்ததற்கு நேர்ச்சை. சந்தனம் பூசின மொட்டையோடு பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் தலையைத் தடவி, "வேண்டுதலா?" என்று கேட்டார். அத்தோடு சரி. ஒரு வருஷம் கழித்து முடி சுருண்டு சுருண்டு எழுந்து நின்றபோது, அதே டீச்சர் என்னை ஆண்டு விழா நடனத்தின் முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு மாற்றினார். "பரட்டைத் தலை, முன்னால நின்னா அசிங்கமா இருக்கும்." முடியே இல்லாத தலை அவருக்கு அசிங்கமாகப் படவில்லை. அதற்கு முருகன் கையெழுத்துப் போட்ட லீவு லெட்டர் இருந்தது. தானாக முளைத்த முடிக்கு அப்படி ஒரு லெட்டர் இல்லை.

என் கேள்வி இதுதான். ஒரு முடி தன்பாட்டுக்கு இருக்க, அதற்கு ஒரு சாமியின் சிபாரிசு எதற்கு?

வள்ளுவர் கூடா ஒழுக்கம் என்ற அதிகாரத்தை முடிக்கிற குறளில், 280வது குறளில், இந்த விஷயத்தைத் தொடுகிறார். உலகம் பழிப்பதை ஒருவர் விட்டுவிட்டால், தலையை மழிக்கவும் வேண்டாம், சடை வளர்க்கவும் வேண்டாம் என்கிறார். போலித் துறவிக்குச் சொன்னது. முடியில் ஒன்றுமில்லை, நடத்தையைப் பார் என்பது அதன் சாரம். ஆனால் அந்த முடியையே உலகம் பழித்தால் என்ன செய்வது? என் நாற்காலியில் வந்து உட்காருகிறவர்கள் உலகம் பழிப்பதை விட்டொழிக்கத்தான் வருகிறார்கள். ஒரு பாவமும் செய்யாமல் பிராயச்சித்தத்துக்கு வருகிறார்கள்.

"மாற்றிக்கொள்ளக் கூடியதுதானே, மாற்றினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஒரு நீதிமன்றமே ஏறக்குறைய அப்படித்தான் கேட்டது. 2010-ல் அலபாமா மாநிலத்து மொபீல் நகரில், சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணுக்கு வேலை கொடுத்துவிட்டு, சடைசடையாகத் திரித்திருந்த முடியை வெட்டினால்தான் சேரலாம் என்றார்கள். வாடிக்கையாளரோடு போனில் பேசுகிற வேலை. முடியை யாரும் பார்க்கப்போவதில்லை. அவர் மறுத்தார், வேலை போயிற்று. 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பின் சுருக்கம்: முடியின் தன்மை பிறவியில் வந்தது, அதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, அதைத் திரிப்பது மாற்றக்கூடிய ஒரு பாணி, அதற்குக் கிடையாது. 2019-ல் கலிபோர்னியாதான் முதலில், இயல்பான முடிக்கும் அதையொட்டிய பின்னலுக்கும் சேர்த்துக் காப்பளிக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது.

மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். ஆனாலும் அந்த நீதிபதிகளின் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. மாட்டுங்காவுக்குப் பக்கத்தில், தாதர் ஹிந்து காலனியில், அம்பேத்கரின் ராஜகிருஹம் இருக்கிறது. அந்த வீட்டுக்காரர் 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் மதத்தையே மாற்றிக்கொண்டார், லட்சக்கணக்கானவர்களோடு. மதம் மாற்றக்கூடியதுதான். அதற்காக அந்த நீதிபதிகளின் நாட்டுச் சட்டம்கூட, "உன் மதம் எங்களுக்கு அசிங்கமாகத் தெரிகிறது, மாற்றிக்கொண்டு வா" என்று சொல்ல விடுவதில்லை. நாமாக மாறுவது ஒன்று, வாசலில் நிறுத்தி மாறச் சொல்வது வேறொன்று. முடியிலும் அப்படித்தான். பழனியில் நான் கொடுத்தேன். பள்ளியில் முன்வரிசை இடத்தை என்னிடமிருந்து பிடுங்கினார்கள்.

கொடுத்த முடி எங்கே போகிறது என்பதையும் இந்த நாற்காலியில்தான் தெரிந்துகொண்டேன். சில வருஷங்களுக்கு முன்னால், கணவரின் சிகிச்சைக்காகக் கென்யாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண் பார்லருக்கு வந்தார். தோளுக்குக் கீழே நேராக விழுந்த முடி. அதைப் பிரித்தெடுத்துத் தலையை அலசிவிடச் சொன்னார். அது ஒட்டுமுடி. அடியில் அவருடைய சொந்த முடி உச்சந்தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னியிருந்தது. அந்தப் பின்னலின் மேல் ஒட்டுமுடியை நூலால் தைத்திருந்தார்கள். சின்னக் கத்தரியால் ஒவ்வொரு தையலாக வெட்டினேன். பின்னலை அவிழ்த்துச் சீப்பு வைத்தேன். பாதியில் நின்றது. அம்மா செய்ததுபோல் சீப்பைக் கீழே வைத்துவிட்டு விரலால் எடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டார்.

வங்கியில் வேலையாம். வேலைக்குச் சேர்ந்த வாரம்தான் முதல்முறை ஒட்டுமுடி வைத்தாராம். "இது உங்கள் ஊர் முடி, கோயில் முடி" என்று காட்டினார். திருப்பதியிலும் பழனியிலும் இறங்கும் முடி ஏலத்துக்குப் போவது ஊரறிந்த சங்கதி. நானும் பழனியில் கொடுத்திருக்கிறேன் என்றேன். சிரித்தார். "அப்படியானால் நீயும் யாராவது ஒருத்தி தலையில் இருந்திருப்பாய்!"

2004-ல் இதே கோயில் முடியை வைத்து ஆசாரமான யூதர்களுக்குள் ஒரு பெரிய தர்க்கம் நடந்தது. கல்யாணமான பெண்கள் முடியை மறைக்க அணியும் விக்கில், சிலைக்குக் காணிக்கையான இந்திய முடி கலந்திருந்தால் அது ஆகாது என்று ஜெருசலேமின் மூத்த மதகுரு ரப்பி எல்யாஷிவ் தீர்ப்புச் சொன்னார். தெருவில் விக்குகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். "இந்த முடி எந்தச் சாமிக்குப் போனது?" என்று அவர்கள் கேட்டார்கள். அந்த முடிக்கு அடியில் ஒளிந்திருக்கும் முடி எந்தச் சாமிக்குப் பயந்து ஒளிந்தது என்று நான் கேட்கிறேன். நான் நேர்ச்சையாகக் கொடுத்தது, இன்னொருத்தி தன்னை மறைத்துக்கொள்ளும் முக்காடாகிவிட்டது. முருகன் அதற்கா கேட்டான்?

சாமியின் சிபாரிசு எவ்வளவு வேண்டும் என்பதைத் தொட்ட இன்னொரு வழக்கும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்து ஒரு தமிழ்ப் பெண்ணின் மூக்குத்தி, அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. பள்ளி விதி மூக்குத்தியை அனுமதிக்கவில்லை. இது மதத்தில் கட்டாயமா என்று கேட்டார்கள். கட்டாயமில்லை, வழக்கம்தான். 2007-ல் தலைமை நீதிபதி பயஸ் லாங்கா சொன்னார்: கட்டாயமில்லாமல் விரும்பிச் செய்வதும் பாதுகாப்புக்கு உரியது. இதை விட்டால் நாளை சடைமுடியோடு வருவார்கள் என்று பள்ளி பயந்தது. வரட்டுமே, அது கொண்டாட வேண்டியதல்லவா என்பதுதான் அவர் பதில்.

அந்தத் தீர்ப்பை நினைத்தால் மனசு குளிரும். ஆனாலும் மூக்குத்திக்கு ஒரு பரம்பரை, ஒரு பாட்டி, ஒரு சடங்கு உண்டு. எங்கள் சுருட்டைக்கு ஒன்றும் இல்லை. விரதமில்லை, நேர்ச்சையில்லை. படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்றால், அவன் போட்ட கையெழுத்தே அந்தச் சுருள்தான். அதற்கு மேல் எதற்கு இன்னொரு லெட்டர்? அப்படி ஒருவன் இல்லை என்றால், சாமி பேரால் விலக்குக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. எப்படிப் பார்த்தாலும் அந்த முடியைக் கேள்வி கேட்க ஒருவருக்கும் வழியில்லை.

மாசியில் அந்தப் பெண் மறுபடி வந்தாள். வேலை பழகிவிட்டது, அம்மாவுக்கு மருந்து வாங்குகிறாள். வேரிலிருந்து 3 சென்டிமீட்டர் சுருண்டு வளர்ந்திருந்தது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர். வேருக்கு ஆபீஸ் விதி தெரியாது. "இப்படியே போனா என்ன சொல்லுவாங்கக்கா?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அவளே கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "பண்ணிடுங்கக்கா" என்றாள். பண்ணினேன். காசும் வாங்கினேன்.

அவள் போன பிறகு சீப்பைச் சுத்தம் செய்தேன். உதிர்ந்த ஒரு முடி நீளமாக, கோரைப்புல் மாதிரி நேராக, வேர்ப் பக்கம் மட்டும் சின்ன வளையமாக இருந்தது. வளையத்தை விரல் நுனியால் இழுத்து நிமிர்த்திப் பார்த்தேன். விட்டதும் பழையபடி சுருண்டுகொண்டது.