கேட்கும் செவியும் காக்கும் நாவும்

மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில் குர்லாவுக்கும் செம்பூருக்கும் இடையே உள்ளது திலக் நகர். அங்கே பழைய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, வானுயர்ந்த அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன. ஆயினும் நடுத்தரக் குடும்பத்திற்கு வாய்ப்பது ஓரிரு அறைகளே. அவ்வீட்டில் வளரும் பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தனியே அமர்ந்து அழ ஒரு மூலை கிடைப்பது அரிது. உடல்கள் அருகருகே இருக்கின்றன. உள்ளங்கள் அப்படி இருப்பதில்லை.

பிள்ளை பேச்சைக் குறைக்கிறான். உணவும் உறக்கமும் தவறுகின்றன. பெற்றோர் தயங்கித் தயங்கி அவனை மனநல ஆலோசகரிடம் அழைத்துச் செல்கின்றனர். கதவு திறந்ததும் தாய் கேட்கும் முதற்கேள்வி, "என்ன சொன்னான்?" என்பதே. ஆலோசகர் பணிவுடன் மறுக்கிறார். "பெற்றவளுக்குத் தெரியக் கூடாதது என்ன இருக்கிறது?" என்று தாய் கலங்குகிறாள். அவளுடைய கலக்கம் நியாயமானதே. அப்படியானால் ஆலோசகரின் மறுப்பு அறமாகுமா?

பேச்சின் வழியே தரப்படும் சிகிச்சையில் மருந்து இல்லை. பெரும்பாலும் அறிவுரையும் இல்லை. வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஒருவர் பேச, மற்றவர் தீர்ப்புக் கூறாமல் கேட்கிறார். பெயரில்லாத துயரத்திற்குச் சொல் கிடைக்கும்போது, அதைச் சற்றே விலகி நின்று பார்க்க மனம் கற்கிறது. இதற்கு ஆதாரம் நம்பிக்கை ஒன்றே. சொன்னது வீட்டை எட்டும் என்று அறிந்த பிள்ளை, வீடு கேட்க விரும்புவதை மட்டுமே சொல்வான். மேலும், பிள்ளைகள் பலர் துயரை மறைப்பது அன்பின்மையால் அன்று. பெற்றோர் தாங்கமாட்டார்கள் என்ற அன்பினாலேயே.

2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் அந்தரங்கத்தை உரிமையாக ஏற்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் சார்பில் முடிவெடுக்கும் பொறுப்பைப் பாதுகாவலருக்கு அளிக்கிறது. ஆகவே சிகிச்சை எத்தகையது, எவ்வாறு நடக்கிறது என்பதைப் பெற்றோர் அறிய வேண்டும். அதற்காகப் பிள்ளையின் ஒவ்வொரு சொல்லையும் அறிய வேண்டியதில்லை.

இந்த இரகசியத்திற்கும் எல்லை உண்டு. 1969-இல் அமெரிக்காவின் பெர்க்லி நகரில், ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக ஓர் இளைஞன் தன் ஆலோசகரிடம் கூறினான். ஆலோசகர் பல்கலைக்கழகக் காவலருக்குத் தெரிவித்தார். அப்பெண்ணை எவரும் எச்சரிக்கவில்லை. அவள் கொல்லப்பட்டாள். ஆபத்துக்கு உள்ளானவரைக் காப்பதும் ஆலோசகரின் கடமையே என்று 1976-இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டுச் சட்டமும் உயிருக்கு ஆபத்து, பிறருக்குத் தீங்கு ஆகிய நிலைகளுக்கு விலக்கு அளிக்கிறது. உயிரைக் காக்கவே இரகசியம்; இரகசியத்திற்காக உயிரை இழக்கலாகாது. நல்ல ஆலோசகர் இவ்வெல்லையை முதல் நாளிலேயே பிள்ளைக்கும் பெற்றோருக்கும் ஒருசேர விளக்கிவிடுவார்.

கீதை, ஒரு தந்தை தன் மக்களைப் பற்றிக் கேட்கும் கேள்வியுடன் தொடங்குகிறது. 'என்னுடையவர்கள்' என்று திருதராஷ்டிரன் சொல்வதிலேயே அவனுடைய மமகாரம் வெளிப்படுகிறது என்பர் பெரியோர். 'என் பிள்ளை' என்ற சொல்லில் அன்பும் உண்டு, உடைமையுணர்வும் உண்டு. அன்பு, "நீ நலமா?" என்று கேட்கும். உடைமையுணர்வோ, "எனக்குத் தெரியாமல் என்ன?" என்று கேட்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவது பெற்றோருக்கு ஒரு சாதனையே.

திலக் நகருக்கு அருகே தேவ்னாரில், 1936-இல் நிறுவப்பட்ட டாடா சமூக அறிவியல் கழகம் இருக்கிறது. தொலைபேசியில் துயர் கேட்கும் 'ஐகால்' சேவையை அது 2012-இல் தொடங்கியது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பெற்றோரும் அழைக்கலாம். காத்திருக்கும் தாயின் நெஞ்சிலும் பாரம் உண்டல்லவா?

ஆலோசனை முடிந்து வீடு திரும்பும் வழியில் கேள்வி எதுவும் கேட்காமல் உடன் நடப்பதும் ஒரு தவமே. என்றேனும் ஓரிரவு பிள்ளை தானே வாய் திறக்கலாம். அன்று குறுக்கிடாமல் கேட்பதற்கு, இன்றைய மௌனமே பெற்றோருக்குப் பயிற்சி.