மண்ணின் மணமும் மனிதனின் கடமையும்

அத்தர் பூசுவது சுன்னத்து என்பதை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். நறுமணத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெரிதும் விரும்பினார்கள். யாரேனும் அன்பளிப்பாகக் கொடுத்தால் மறுக்கமாட்டார்கள். ஆனால் இன்று, பிள்ளைப் பருவத்தையும் பிறந்த ஊரையும் நினைவூட்டுவதற்கென்றே வாசனைத் திரவியங்கள் செய்து விற்கப்படுகின்றன. இவ்வாறு பணம் கொடுத்து நினைவை வாங்குவது ஆகுமா, அல்லது வீண் விரயமா?

இந்தத் தொழில் நம் நாட்டுக்குப் புதிதன்று. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் 'மிட்டி அத்தர்' நெடுங்காலமாக வடிக்கப்படுகிறது. சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் நீருடன் இட்டு அடுப்பேற்றுவார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியே சென்று சந்தன எண்ணெயில் இறங்கும். பிறகு நீரைப் பிரித்துவிட்டால், முதல் மழையில் நனைந்த மண்ணின் மணம் எண்ணெயில் தங்கியிருக்கும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் இம்மணத்துக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் சூட்டியது 1964-ல்தான். அதற்கு முன்பே நம்மவர்கள் அதைக் குப்பியில் அடைத்துவிட்டார்கள்.

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் தாழம்பூவையும் இம்முறையிலேயே வடிக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் பிறந்து, பிழைப்புக்காக வளைகுடா சென்ற ஒருவர் அக்குப்பியைத் திறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடற்கரைத் தாழம்புதரும், டச்சுக் கோட்டையின் செங்கல் மதிலும், தலைவாரிவிட்ட தாயாரின் கையும் அவர் கண்முன் வந்து நிற்கும். அவர் கண் கலங்குவது குற்றமா?

குற்றமில்லை. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த புதிதில் பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் படுத்தார்கள். அப்போது மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் இத்கிர் என்னும் வாசனைப் புல்லையும் எண்ணி ஏங்கிப் பாடினார்கள். தம்மைச் சுடுமணலில் கிடத்தி வதைத்த ஊரல்லவா அது! ஆயினும் அதன் புல்லை அவர்கள் மறக்கவில்லை. இதைக் கேள்வியுற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போல, அதனினும் அதிகமாக, மதீனாவையும் நேசமாக்கித் தருமாறு துஆச் செய்தார்கள். ஊர் நினைவு ஆகும். அந்நினைவால் சோறிடும் ஊரை வெறுத்தலே ஆகாது.

யஃகூப் (அலை) அவர்களின் வரலாறு இன்னும் ஒருபடி மேலே அழைத்துச் செல்கிறது. யூசுஃப் (அலை) அவர்களின் சட்டை வந்து சேருமுன்பே அதன் மணத்தைத் தந்தை உணர்ந்தார்கள். சட்டை வந்தது, பார்வையும் திரும்பியது. அதை முகர்ந்துகொண்டே அவர்கள் வீட்டில் இருந்துவிடவில்லை. முதுமையிலும் மிஸ்ருக்குப் பயணமாகி மகனைச் சந்தித்தார்கள்.

நம் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. குப்பியின் மணம் தாயாரை நினைவூட்டினால், அன்றிரவே அவருடன் பேச வேண்டும். மருந்துக்குப் பணம் அனுப்ப வேண்டும். அவர் மறைந்திருந்தால் துஆச் செய்து, அவருடைய உறவினரை ஆதரிக்க வேண்டும். அப்படியானால் குப்பிக்குக் கொடுத்த காசு வீணாகவில்லை. தாயின் மருந்துச் செலவை மறந்துவிட்டு, தாய்வீட்டு மணத்தை மட்டும் விலைக்கு வாங்கினால், அது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விரயமே.

உறவைச் சேர்ந்து வாழும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.