“கொஞ்சம் கலர் ஏத்திடுங்கண்ணே” என்று சொல்லாதீர்கள்!

அரியூர்க் கல்யாணத்துக்குப் பாண்டி ஒயிட் டவுன் மஞ்சள் சுவர் எதற்கு? தம்பி, தங்கையே, கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். நிச்சயம் முடிந்த கையோடு வாடகைக் கோட்டும் வாடகைக் கவுனுமாகப் படம் எடுக்கப் பாண்டிக்குக் கிளம்புகிறீர்கள். அங்கே உங்களுக்கு முன்பே நாலு ஜோடி காத்திருக்கிறது. அதே சுவர், அதே சைக்கிள், அதே சிரிப்பு. ஆசைப்பட்டுப் போனால் தாராளமாகப் போங்கள். “எல்லாரும் எடுக்கிறாங்க” என்பதற்காகப் போகாதீர்கள். ஊசுடேரிக் கரையும் கரும்பு வயல் வரப்பும் உங்களுக்கு எந்த விதத்தில் குறைச்சல்?

கேமராவைக் கண்டால் கூச்சமா? இருக்கட்டும்! சொல்லாமல் எடுக்கும் கேண்டிட்தான் உசத்தி, நின்று எடுப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலில் காப்பாற்றியிருக்கிறார்கள். அவற்றைப் பாருங்கள்: அந்தக் காலத்து ஸ்டூடியோவில் வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் நாற்காலி போட்டுத்தான் படம் எடுத்தார்கள். சிரிப்பு அபூர்வம். ஆனால் அந்த நிமிர்வு! உங்கள் சுபாவம் அதுவென்றால் அதையே கேட்டு வாங்குங்கள். வாய் ஓயாத ஜோடியா? நலங்கில் மஞ்சள் பூசும் நேரத்தைக் கேண்டிட்காரரிடம் விட்டுவிடுங்கள்.

இனி உரக்கச் சொல்ல வேண்டியது. ஆல்பம் டிசைன் பார்க்கும்போது “கொஞ்சம் கலர் ஏத்திடுங்கண்ணே” என்கிறீர்களே, அது யாருடைய குரல்? வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. பெயர் ‘ஷெர்லி அட்டை’. பல ஆண்டுகள் அதில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அர்த்தம்! கறுத்த முகங்கள் அந்த அளவுகோலில் களையிழந்து இருண்டன. கோளாறு படச்சுருளில், பழி நம் தோலுக்கு. இன்றைய கேமராவில் அந்தக் கோளாறு பெருமளவு குறைந்துவிட்டது. முகத்தில் நேராக அடிக்கும் லைட்டைப் பக்கவாட்டில் மென்மையாக வைத்தாலே கறுப்பு மினுமினுக்கும். அதைச் செய்யத் தெரியாதவர்தான் கம்ப்யூட்டரில் மாவு பூசுவார். அப்படி வெளுத்த ஆல்பத்தை நாளை உங்கள் பிள்ளை புரட்டி, “இது யாரும்மா?” என்று கேட்க வேண்டுமா? வெயிலில் நடவு நட்டு உங்களைப் படிக்க வைத்த அம்மாவின் நிறம் இந்தக் கறுப்பு. நிமிர்ந்து உட்காருங்கள்!

சரி, படம் எடுக்கும் ஆளை எப்படிப் பிடிப்பது? பொறுக்கி வைத்த இருபது படங்களைப் பார்த்து மயங்காதீர்கள். நம் நிறத்து ஜோடி ஒன்றின் முழு ஆல்பத்தை, அதுவும் மண்டபத்துக்குள் விடியற்கால முகூர்த்தத்தில் எடுத்ததைக் காட்டச் சொல்லுங்கள். தாலி கட்டும்போது மணமேடையில் ஒரே ஒரு கேமராக்காரர் போதும். இல்லையென்றால் ஐந்து முதுகுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து சொந்த பந்தமெல்லாம் எல்.ஈ.டி. திரையில்தான் கல்யாணம் பார்க்கும். என்ன கூத்து!

“ஸ்டூடியோவெல்லாம் மாமா பேசி முடிச்சிட்டாரு” என்பார்கள். மரியாதையாகவே சொல்லுங்கள்: “மாமா, படத்துல நிக்கப்போறது நாங்க. ஒரு வார்த்தை நாங்களும் பேசிக்கிறோம்.” முதலில் குரல் நடுங்கும்; நடுங்கட்டும், சொல்லி முடியுங்கள். அப்புறம் ஒரு தாளை எடுங்கள். யார் வந்து எடுப்பார், ஆல்பம் எப்போது வரும், நிறத்தை மாற்றக் கூடாது, ஆயாவை முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு படம். எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.